அலை பிடிக்கும் அட்டை

நுழையுமுன்

கடலலை கண்ணுக்குத் தெரியும், காதுக்கும் கேட்கும். வீட்டுக்குள் உலவும் வானொலியலையோ கண்ணுக்கும் தெரியாது; காதுக்கும் கேட்காது. ஆயினும், அயலூரில் வாழும் உறவினரின் முகத்தை நம் முன் கொண்டுவந்து நிறுத்துவது அவ்வலையே. அதனைப் பிடிக்கும் சிறிய அட்டை ஒன்று ஒவ்வொரு மடிக்கணினிக்குள்ளும் உள்ளது. அவ்வட்டை எவ்வாறு இயங்குகிறது என்பதையும், அது பழையதானால் மாற்றும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

அலைகளின் ஊர்

திருவனந்தபுரம் நகருக்குத் தெற்கே அமைந்துள்ள கடற்கரை ஊர் விழிஞ்ஞம். பண்டைய ஆய் மன்னர்களின் துறைமுக நகரமாக விளங்கிய இவ்வூரில் இன்று இரண்டு துறைமுகங்கள் அருகருகே உள்ளன. ஒன்று, மீன்பிடித் துறைமுகம். மற்றொன்று, பெருங்கப்பல்கள் வந்து சரக்குப் பெட்டகங்களை இறக்கிச் செல்லும் பன்னாட்டுத் துறைமுகம். புதிய துறைமுகம் 2025ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அங்குப் பணியாற்றத் தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்த குடும்பங்களும் உண்டு.

விழிஞ்ஞத்துக்கும் அலைகளுக்கும் உள்ள தொடர்பு மீன்பிடிப்போடு முடிவதில்லை. கடலலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆய்வுநிலையம் ஒன்று 1991இல் இங்கு நிறுவப்பட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் வடிவமைத்த அந்நிலையத்தில், அலை எழும்போது ஓர் அறைக்குள் உள்ள காற்று அழுத்தப்பட்டுச் சுழலியைச் சுற்றியது. பின்னாளில் அந்நிலையம் நிறுத்தப்பட்டுவிட்டது.

கண்ணுக்குத் தெரியாத அலைகளும் இவ்வூருக்கு உயிர்நாடியாக உள்ளன. படகுகளில் பொருத்தப்படும் கம்பியில்லாக் கருவிகள் மிகு அதிர்வெண் வானொலியலைகளைப் பயன்படுத்துகின்றன. கடலில் இடருற்றோர் உதவி கோருவதற்கென 156.8 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் உலகெங்கும் ஒதுக்கப்பட்டுள்ளது. கடலோடிகள் இதனைப் பதினாறாம் அலைவரிசை என்பர்.

2017ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, விழிஞ்ஞம், பூந்துறை, கன்னியாகுமரி மாவட்டக் கடலோர ஊர்கள் ஆகியவற்றைச் சேர்ந்த மீனவர் பலர் நடுக்கடலில் இருந்தனர். கரையிலிருந்து நெடுந்தொலைவில் இருந்த அவர்களைக் கைப்பேசி அலைகள் எட்டவில்லை. எச்சரிக்கை உரிய நேரத்தில் சென்று சேராமையால் பல குடும்பங்கள் தம் உறவினரை இழந்தன. ஓர் அலை எவ்வளவு தொலைவு செல்லும் என்னும் வினா அறிவியல் நூலில் மட்டும் உள்ள வினா அன்று என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

அதே வினாதான், சிறிய அளவில், ஒரு வீட்டுக்குள்ளும் எழுகிறது.

ஒரு வீட்டின் சிக்கல்

விழிஞ்ஞத்தில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தந்தை துறைமுகப் பணிக்காகத் தூத்துக்குடியிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். தாயும் இரு மகள்களும் உடன் வாழ்கின்றனர். ஆச்சி மட்டும் தூத்துக்குடியிலேயே இருக்கிறார்.

மூத்த மகள் தூத்துக்குடியில் அரசுப் பள்ளியில் படித்தபோது தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினியைப் பெற்றாள். அத்திட்டம் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 15ஆம் நாள் தொடங்கப்பட்டது. இலட்சக்கணக்கான மாணவர்களின் வீடுகளுக்குள் முதன்முதலாகக் கணினி நுழைந்தது அத்திட்டத்தினால்தான். அவ்வீட்டிலும் அதுவே முதற்கணினி. அக்காள் கல்லூரிப் படிப்பை அதில் முடித்தாள். இப்போது தங்கை அதனைப் பயன்படுத்துகிறாள்.

தங்கை விழிஞ்ஞத்தில் வளர்பவள். பேச்சில் தமிழ் உண்டு, எழுத்தில்தான் தடுமாற்றம். எனவே ஞாயிறுதோறும் மாலையில் ஆச்சியோடு காணொளி அழைப்பில் அமர்வாள். பாடநூலில் ஒரு பக்கத்தை உரக்கப் படிப்பாள். ஆச்சி கேட்டுத் திருத்துவார்.

சில மாதங்களாக அவ்வழைப்பு ஒழுங்காக அமையவில்லை. ஆச்சியின் முகம் திடீரென உறைந்து நின்றது. குரல் துண்டு துண்டாக வந்தது. தங்கை "மழை" என்று படிக்க, ஆச்சிக்கு "ம" மட்டும் கேட்டது. "ழகரமா, லகரமா, எதைச் சொன்னாய் அம்மா?" என்று அவர் வினவினார். அவ்வினாவும் பாதியில் அறுந்தது. எழுத்தின் நுட்பத்தைக் காதால் கற்க வேண்டிய இடத்தில் ஓசை அறுந்தால் பாடம் எவ்வாறு நடக்கும்?

"கணினிக்கு வயதாகிவிட்டது. பழைய பொருள்கள் வாங்குபவரிடம் கொடுத்துவிடலாம்" என்றார் தந்தை. புதிய மடிக்கணினி வாங்கும் அளவுக்கு அப்போது வீட்டில் பணம் இல்லை. பழையதை விற்றுவிட்டால் ஞாயிற்றுக்கிழமைப் பாடமும் நின்றுவிடும் எனத் தங்கை அஞ்சினாள்.

குறை எங்கே உள்ளது?

எந்தக் கருவியையும் தூக்கி எறியுமுன் அல்லது பிரிக்குமுன், குறை எங்கே உள்ளது என்று அறிதல் வேண்டும். இணையம் ஒரு மடிக்கணினியை அடைய மூன்று கட்டங்களைக் கடக்கிறது. முதலாவது, இணையச் சேவை வழங்குவோரிடமிருந்து வீட்டுக்கு வரும் கம்பி. இரண்டாவது, வீட்டில் உள்ள ரூட்டர் என்னும் திசைவி. மூன்றாவது, கணினிக்குள் இருக்கும் கம்பியில்லா வலையமைப்பு அட்டை. இம்மூன்றில் எது தடைப்பட்டாலும் விளைவு ஒன்றுதான்: படம் உறையும்.

அக்காள் எளிய சோதனைகள் சிலவற்றைச் செய்தாள். அதே அறையில், அதே நேரத்தில், தந்தையின் கைப்பேசியில் ஆச்சியை அழைத்தாள். படம் தெளிவாக இருந்தது. ஆகவே, வீட்டுக்கு வரும் கம்பியிலும் திசைவியிலும் குறையில்லை. பிறகு மடிக்கணினியைத் திசைவிக்கு அருகில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். அங்கும் படம் தடுமாறியது. ஆகவே, தொலைவு மட்டும் காரணம் அன்று.

மூன்றாவது சோதனை உண்மையைக் காட்டியது. கைப்பேசியில் வலையமைப்புகளின் பட்டியலைத் திறந்தபோது, அவ்வீட்டுத் திசைவியின் பெயர் இருமுறை தெரிந்தது. அவற்றுள் ஒன்றின் முடிவில் "5ஜி" என்று இருந்தது. மடிக்கணினியிலோ ஒரு பெயர் மட்டுமே தெரிந்தது. ஐந்து என்னும் எண்ணைத் தாங்கிய அந்தப் பெயரைப் பழைய கணினியால் காணவே முடியவில்லை.

(இங்குள்ள "5ஜி" என்பது கைப்பேசி நிறுவனங்கள் கூறும் ஐந்தாம் தலைமுறைச் சேவை அன்று. திசைவி 5 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலைகளை வெளியிடுகிறது என்பதே அதன் பொருள்.)

இரு பாதைகள்

வானொலியலைகள் அனைத்தும் ஒளியின் வேகத்தில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன. அவை ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கின்றன என்பதே அதிர்வெண். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைப்பட்ட தொலைவு அலைநீளம். அதிர்வெண் கூடினால் அலைநீளம் குறையும்.

படகுக் கருவியின் 156.8 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 2 மீட்டர்; நின்றபடி கையை உயர்த்திய ஓர் ஆளின் உயரம் எனலாம். வைஃபை எனப்படும் வீட்டு வலையமைப்பு பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு பாதைகளைப் பயன்படுத்துகிறது. முதலாவதன் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். இரண்டாவதன் அலைநீளம் 6 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

இவ்விரு பாதைகளுக்கும் நிறையும் குறையும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைக் கடந்து சற்றுத் தொலைவு செல்லும். ஆனால் அப்பாதை மிகக் குறுகியது. அதில் ஒன்றோடொன்று மோதாமல் இயங்கக்கூடிய அலைவரிசைகள் 1, 6, 11 என மூன்றே. அண்டை வீடுகளின் திசைவிகளும், புளூடூத் கருவிகளும் அதே பாதையில்தான் செல்கின்றன. நுண்ணலை அடுப்பும் அதே அதிர்வெண்ணில் இயங்குவதால், அதிலிருந்து கசியும் சிற்றலையும் இடையூறு செய்யும். குறுகிய கடற்கரைச் சந்தில் நான்கு மீன் வண்டிகள் ஒரே நேரத்தில் நுழைந்தால் என்ன ஆகும்? அதுவே இங்கும் நிகழ்கிறது.

5 கிகாஹெர்ட்ஸ் பாதை அகலமானது. அலைவரிசைகள் பல உள்ளமையால் நெரிசல் குறைவு, வேகம் மிகுதி. ஆனால் அவ்வலை சுவரில் பட்டால் விரைவில் வலுவிழக்கும். எனவே இரண்டையும் அறிந்த அட்டையே நல்ல அட்டை. அருகில் இருக்கும்போது அகன்ற பாதையிலும், தொலைவில் இருக்கும்போது நெடும்பாதையிலும் அது சென்றுவரும்.

இந்தியாவில் வானொலியலைகளைப் பயன்படுத்துவதற்கு அரசின் உரிமம் தேவை. வீட்டு வைஃபைக்கு மட்டும் எவரும் உரிமம் பெறுவதில்லையே, ஏன்? 2.4 கிகாஹெர்ட்ஸ் பாதைக்கு 2005ஆம் ஆண்டிலேயே உரிமத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் பாதையில் 2018ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் விரிவான விலக்கு அளிக்கப்பட்டது. அதன்பிறகு இரு பாதைத் திசைவிகள் வீடுகளில் பெருகின. அதற்கு முன் வாங்கிய கணினிகள் பலவற்றில் ஒரு பாதை மட்டும் அறிந்த அட்டைகளே இருந்தன.

அட்டையின் தலைமுறைகள்

குறுகிய அலைநீளம் கொண்ட வானொலியலைகளை ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் இந்தியர். 1894 முதல் 1896 வரை சகதீச சந்திர போசு கொல்கத்தாவில் மில்லிமீட்டர் அளவு அலைநீளம் கொண்ட அலைகளைத் தோற்றுவித்தும் உணர்ந்தும் ஆய்வு செய்தார். சுவரைக் கடந்து சென்ற அலையால் மணியை ஒலிக்கச் செய்தும் காட்டினார்.

நூறாண்டுக்குப் பின், கணினிகள் கம்பியின்றிப் பேசிக்கொள்வதற்கான பொது விதி உருவாயிற்று. 802.11 என்னும் எண் கொண்ட அவ்விதி 1997இல் வெளிவந்தது. அதன் முதல் வேகம் நொடிக்கு 2 மெகாபிட் மட்டுமே. அதன்பின் விதி பலமுறை திருத்தப்பட்டது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஆங்கில எழுத்து ஒன்றோ இரண்டோ பெயராயின. 2009இல் "என்", 2013இல் "ஏசி", 2021இல் "ஏஎக்ஸ்" என்னும் திருத்தங்கள் வந்தன. இப்பெயர்கள் குழப்பம் தருவதால், அவை முறையே வைஃபை 4, வைஃபை 5, வைஃபை 6 என இன்று எளிமையாக வழங்கப்படுகின்றன.

அக்காள் மடிக்கணினியில் சாதன மேலாளர் என்னும் பகுதியைத் திறந்து பார்த்தாள். அட்டையின் பெயரோடு பி, ஜி, என் ஆகிய மூன்று எழுத்துகள் இருந்தன. ஏ, ஏசி, ஏஎக்ஸ் ஆகியவற்றுள் ஒன்றும் இல்லை. பி, ஜி ஆகியவை 2.4 கிகாஹெர்ட்ஸ் பாதைக்கு உரியவை. "என்" இரு பாதைகளிலும் இயங்கவல்லது. ஆயினும் "ஏ" இல்லாமல் அது மட்டும் இருந்தால், அவ்வட்டைக்கு 5 கிகாஹெர்ட்ஸ் பாதை தெரியாது என்று பெரும்பாலும் கொள்ளலாம். கணினியின் நுண்செயலியும் நினைவகமும் நன்றாகவே இருந்தன. பழையதாகிப் போனது அட்டை மட்டுமே.

"அப்பா, கணினி கெடவில்லை. அதன் காதுதான் மந்தம்" என்றாள் அவள்.

வாங்குமுன் கேட்க வேண்டிய ஐந்து வினாக்கள்

அட்டையை மாற்றலாம் எனத் தெரிந்தவுடன் கடைக்கு விரைதல் கூடாது. பொருந்தாத அட்டையால் பணம் வீணாகும். பின்வரும் ஐந்து வினாக்களுக்கு விடை கண்டபின்னரே வாங்க வேண்டும்.

முதல் வினா: அட்டை கழற்றக்கூடியதா? மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் அது தாய்ப்பலகையோடு ஒட்டவைக்கப்பட்டிருக்கும். அத்தகைய கணினியில் மாற்ற இயலாது.

இரண்டாம் வினா: செருகுமிடம் எவ்வகை? பழைய கணினிகளில் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் என்னும் அகன்ற வகை இருக்கும். பிற்காலக் கணினிகளில் எம்.2 என்னும் குறுகிய வகை இருக்கும். எம்.2 வகையில் வழக்கமான அட்டை 22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. ஓர் அஞ்சல்தலையின் அளவே இருக்கும். ஒன்று மற்றொன்றில் பொருந்தாது.

மூன்றாம் வினா: அட்டை தனித்து இயங்குவதா, துணை தேடுவதா? எம்.2 அட்டைகளுள் சில, தம் வேலையின் ஒரு பகுதியைக் கணினியின் பிற உறுப்புகளிடம் ஒப்படைக்கின்றன. சிஎன்விஐ எனப்படும் இவ்வகை, அதற்கென அமைந்த இன்டெல் கணினிகளில் மட்டுமே இயங்கும். வடிவத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எடுத்துக்காட்டாக, ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 ஆகியவை தனித்து இயங்குபவை. ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகியவை துணை தேடுபவை. ஓர் எண்தான் வேறுபாடு. அதனைக் கவனியாமல் வாங்குவோர் ஏமாறுவர். இக்குடும்பத்தின் கணினியில் இருந்தது ஏஎம்டி நுண்செயலி. ஆகவே, தனித்து இயங்கும் அட்டையே அதற்கு ஏற்றது.

நான்காம் வினா: கணினி புதிய அட்டையை ஏற்குமா? பழைய மடிக்கணினிகள் சிலவற்றில், தயாரிப்பாளர் குறித்துவைத்த அட்டைகளைத் தவிர வேறெதையும் ஏற்காத கட்டுப்பாடு இருக்கும். மேலும், அட்டைக்கு உரிய இயக்கி மென்பொருள் அக்கணினியின் இயங்குதளத்துக்குக் கிடைக்கிறதா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

ஐந்தாம் வினா: ஆன்டெனாக் கம்பிகள் எத்தனை? ஆன்டெனாக்கள் பெரும்பாலும் திரையின் ஓரத்தில் பதிந்திருக்கும். அவற்றிலிருந்து மெல்லிய கம்பிகள் அட்டைக்கு வரும். புதிய அட்டைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு கம்பிகள் தேவை.

அட்டையை மாற்ற இயலாதோர்க்கு மற்றொரு வழியும் உண்டு. யுஎஸ்பி துளையில் செருகும் சிறிய வைஃபை கருவியை வாங்கலாம். கணினியைத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் அது ஒரு துளையை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் இடித்தால் உடையவும் கூடும்.

கணினியைத் திறத்தல்

அக்காளும் தங்கையும் ஊரில் உள்ள பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் சென்றனர். அட்டையின் விலையும் அவருக்குரிய கூலியும் சேர்ந்தும் புதிய கணினி விலையில் சிறு பகுதியே ஆயிற்று. அவர் தம் பணியை மறைக்காமல், ஒவ்வொரு படியையும் பிள்ளைகளுக்குக் காட்டியபடி செய்தார்.

முதலில் கணினியை முழுமையாக நிறுத்தினார், மின்கம்பியைப் பிடுங்கினார். பின்புறத் திருகாணிகளைக் கழற்றி, எந்தத் திருகாணி எந்த இடத்துக்கு உரியது என்பது மாறாமல் தாளில் வரிசையாக வைத்தார். மூடியைத் திறந்தவுடன் மின்கலத்தின் இணைப்பை எடுத்தார். மின்னோட்டம் இருக்கும்போது அட்டையைத் தொட்டால் தாய்ப்பலகையே கெடக்கூடும் என்பதால் இப்படியைத் தவிர்த்தல் கூடாது. அதன்பின் ஓர் உலோகப் பொருளைத் தொட்டு, உடலில் தேங்கிய நிலைமின்னூட்டத்தை நீக்கிக்கொண்டார்.

உள்ளே பழைய அட்டை தெரிந்தது. அதில் ஒரே ஒரு கம்பி இணைந்திருந்தது. அதன் முனையில் பச்சை நிறப் படிவு இருந்தது. கடற்காற்றில் உப்பும் ஈரமும் கலந்திருப்பதால் செம்பு இவ்வாறு களிம்பு ஏறும். கடலோர ஊர்களில் மின்கருவிகள் விரைவில் பழுதாவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாவது கம்பி ஒன்று பிளாத்திக்கு உறையிட்டு ஓரமாக ஒட்டவைக்கப்பட்டிருந்தது. பழைய அட்டைக்கு அது தேவைப்படாமையால், இத்தனை ஆண்டும் பயனின்றிக் கிடந்தது.

அக்காள் கம்பியைப் பிடித்து இழுக்க முயன்றாள். "மோளே, இழுக்காதே. நேர்மேலே தூக்கு" என்றார் அவர். அம்முனை பருப்பளவே உள்ளது. பக்கவாட்டில் இழுத்தால் ஒடிந்துவிடும். அவர் நெகிழிக் குச்சியால் அதனை மேல்நோக்கிக் கிளப்பினார். அட்டையைப் பிடித்திருந்த ஒரே திருகாணியைக் கழற்றியவுடன், அட்டையின் ஒரு முனை தானாகச் சாய்வாக எழுந்தது. அதனை அதே சாய்வில் வெளியே எடுத்தார். கம்பி முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சினால் துடைத்து உலரவிட்டார்.

புதிய அட்டையின் விளிம்பில் ஒரு வெட்டு உண்டு. செருகுமிடத்தில் உள்ள தடுப்போடு அது ஒத்திருக்குமாறு சாய்வாகச் செருகி, மெல்ல அழுத்தித் திருகாணியை முடுக்கினார். இரு கம்பிகளையும் அட்டையின் இரு முனைகளில் பொருத்தினார். மின்கலத்தை இணைத்து, மூடியை இட்டார்.

இரு தடைகள்

கணினியை இயக்கியபோது வைஃபை குறியே தெரியவில்லை. தங்கையின் முகம் வாடியது. ஆனால் இது எதிர்பார்க்கத்தக்கதே. புதிய அட்டையோடு எவ்வாறு பேசுவது என்று இயங்குதளத்துக்கு இன்னும் தெரியாது. அதனைக் கற்பிப்பதே இயக்கி மென்பொருள். அம்மென்பொருளை இணையத்திலிருந்து பெற வேண்டும், இணையமோ இல்லை. அக்காள் கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, கைப்பேசியின் இணையத்தைப் பகிர்ந்து, அட்டையைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே மென்பொருளை இறக்கினாள். வைஃபை குறி தோன்றியது. "5ஜி" என முடியும் பெயரும் முதன்முறையாகப் பட்டியலில் வந்தது.

வீட்டுக்குச் சென்றபின் இரண்டாம் தடை தோன்றியது. திசைவி இருந்த அறையில்கூட அலையின் வலிமையைக் காட்டும் கோடுகளுள் பாதியே தெரிந்தன. புதிய அட்டை பழுதா? பழுதுபார்ப்பவர் மீண்டும் மூடியைத் திறந்து பார்த்தார். இரண்டாவது கம்பியின் முனை முழுவதும் அமரவில்லை. ஒரு சிறு "டக்" ஓசை கேட்கும்வரை அழுத்தியவுடன் கோடுகள் நிறைந்தன. ஒரு மில்லிமீட்டர் இடைவெளிதான் குறையாக இருந்தது.

அட்டை செய்வதும் செய்யாததும்

அட்டையை மாற்றியதனால் விளைந்தவற்றை உள்ளவாறு அறிதல் நன்று. அவ்வீட்டின் இணையத் திட்டம் நொடிக்கு 50 மெகாபிட் வேகம் தருவது. முன்னர் அவ்வேகத்தில் சிறு பகுதியே கணினிக்குக் கிட்டியது. இப்போது ஏறத்தாழ முழுமையும் கிட்டுகிறது. ஆனால் அதற்குமேல் ஒரு மெகாபிட்கூடக் கிட்டாது. அட்டையின் உறையில் அச்சிடப்பட்டிருக்கும் பெரிய எண், அட்டைக்கும் திசைவிக்கும் இடையே உள்ள பாதையின் உச்ச அளவையே குறிக்கும்; வீட்டுக்குள் வரும் இணையத்தின் அளவை அது மாற்றாது. குழாயை அகலப்படுத்தினாலும் தொட்டியில் உள்ள நீர்தானே வரும்!

அவ்வீட்டின் பின்புறச் சமையலறையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை எட்டவில்லை. அங்குக் கணினி தானாகவே பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் பாதைக்கு மாறிக்கொள்கிறது. எனவே ஞாயிறு மாலையில் தங்கை முன்னறையில் அமர்கிறாள்.

கழற்றிய பழைய அட்டையைக் குப்பையில் எறிதல் தகாது. மின்னணுக் கழிவில் ஈயம் முதலிய நச்சுப்பொருள்கள் இருக்கக்கூடும். அவை மண்ணிலும் நீரிலும் கலக்கும். மின்னணுக் கழிவு மேலாண்மைக்கான புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்துள்ளன. கேரளத்தில் வீடுதோறும் வந்து கழிவு சேகரிக்கும் ஹரிதகர்ம சேனையினரிடம் இத்தகைய பொருள்களை ஒப்படைக்கலாம். ஓர் அட்டையைக் காட்டிலும் பெரிய கழிவு, முழுமையாகத் தூக்கி எறியப்படும் கணினி. அட்டை ஒன்றை மாற்றியதனால் இவ்வீட்டில் அக்கழிவு தவிர்க்கப்பட்டது.

இணையம் யாருக்கு?

2019ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் கேரள உயர்நீதிமன்றம், இணையத்தைப் பெறும் உரிமை கல்வி பெறும் உரிமையின் பகுதி எனத் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம் நாள், எளியோர் வீடுகளுக்கும் இணையம் சென்று சேர வேண்டும் என்னும் நோக்கில் கே-ஃபோன் எனப்படும் ஒளியிழை வலையமைப்பைக் கேரள அரசு தொடங்கியது. உரிமையும் கம்பியும் வீட்டு வாயில்வரை வந்தாலும், கடைசிச் சில மீட்டர் தொலைவை அலையே கடக்க வேண்டும். அதனைப் பிடிக்கும் அட்டை சீராக இல்லையேல், அதுவரை செய்த ஏற்பாடுகள் பயன் தருவதில்லை.

அடுத்த ஞாயிறு மாலை தங்கை மீண்டும் பாடநூலைத் திறந்தாள். "மழை" என்று படித்தாள். திரையில் ஆச்சி தலையை ஆட்டினார். "இது மலை. நாக்கை இன்னும் உள்ளே மடக்கு, அம்மா. மறுபடியும் சொல்" என்றார்.

பிழை தெளிவாகக் கேட்டதால் திருத்தமும் தெளிவாக வந்தது. தங்கை மறுபடியும் சொன்னாள்.

அருஞ்சொற்பொருள்

அதிர்வெண் – ஒரு நொடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை
திசைவி – இணையத்தை வீட்டிலுள்ள கருவிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் கருவி
தாய்ப்பலகை – கணினியின் உறுப்புகளை இணைக்கும் முதன்மைப் பலகை
இயக்கி மென்பொருள் – ஓர் உறுப்பை இயங்குதளம் கையாள உதவும் நிரல்
களிம்பு – செம்பின்மேல் படியும் பச்சை நிறப் படிவு
நெகிழி – பிளாத்திக்கு

வினாக்கள்

1. குறை திசைவியில் இல்லை என்பதை அக்காள் எவ்வாறு அறிந்தாள்?
2. 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரு பாதைகளின் நிறைகுறைகளை ஒப்பிட்டு எழுதுக.
3. ஏஎக்ஸ்201 அட்டையை அக்குடும்பம் வாங்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? காரணம் கூறுக.
4. மூடியைத் திறந்தவுடன் மின்கலத்தின் இணைப்பை எடுப்பது ஏன்?
5. "குழாயை அகலப்படுத்தினாலும் தொட்டியில் உள்ள நீர்தானே வரும்" – இவ்வுவமை எதனை விளக்குகிறது?
6. மழை – மலை, வாழை – வாளை, கிழி – கிளி: இவ்விணைகளின் பொருள் வேறுபாடு தோன்றத் தொடர் அமைக்க. அவற்றை உரக்கப் படித்து, வீட்டில் உள்ள பெரியோர் ஒருவரிடம் திருத்தம் பெறுக.

செயல்பாடு

உம் வீட்டில் திசைவி இருக்கும் இடத்தையும், அலை நன்கு கிட்டும் அறைகளையும், கிட்டாத அறைகளையும் குறித்து ஒரு வரைபடம் வரைக. அலை கிட்டாத அறைக்கும் திசைவிக்கும் இடையே எத்தனை சுவர்கள் உள்ளன என எண்ணி, நீர் கண்டறிந்ததைப் பத்து வரிகளில் எழுதுக. கணினியைத் திறக்கும் எந்தப் பணியையும் பெரியோர் துணையின்றிச் செய்தல் கூடாது.